இலையும் விலையும்



ஒரு வேளை உணவிற்கு எட்டாயிரம் ரூபாய் கொடுக்கலாமா? இந்தக் கேள்வியை நம் விடுதியின் உணவுக்கூடத்தில் எழுப்பிப் பாருங்கள். பாதிப்பேர் 'பகற்கொள்ளை' என்பர். மீதிப்பேர் 'பணம் இருப்பவன் உண்கிறான், உனக்கென்ன?' என்பர். இரு சாராரும் ஒன்றை மட்டும் விளக்குவதில்லை: அந்த எட்டாயிரம் எதற்கு விலை? சோற்றுக்கா, சுவைக்கா, நாற்காலிக்கா, நினைப்புக்கா? அதனைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வேதியியல் பயில்பவன் எதையும் பிரித்துப் பார்க்காமல் விடுவதில்லை அல்லவா?

கேள்வி பிறந்த கதை

சென்ற ஆண்டு நம் மன்றத்தில் எனக்கு மூத்தவரான செம்பூர் அண்ணன் ஒருவருக்கு வேலை கிடைத்தது. முதற் சம்பளத்தில் எங்கள் இருவரையும் தென்மும்பையில் ஓர் உயர்தர உணவகத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே நமக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்க முடியாது. சமையற்கலைஞர் வகுத்த வரிசைப்படி ஒன்பது சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஐந்தாவது தட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு மீன் துண்டும், அதன்மேல் வெண்ணிற நுரையும் வந்தன. 'இது ரசத்தின் நுரை' என்று பரிமாறியவர் விளக்கினார். நாவில் வைத்தேன், மிளகும் புளியும் மணந்தன, மறுகணம் ஒன்றும் இல்லை. மூவருக்கும் சேர்த்து வந்த தொகை இருபத்து நாலாயிரம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சோற்றைத் தேடித் தின்றேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். உண்மை அதுவன்று. வயிறு நிறைந்தே இருந்தது. உணவும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இடித்தது வேறொன்று. எங்கள் வீடு தாராவியில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த என் பெற்றோர் இட்டிலி விற்று என்னைப் படிக்க வைக்கின்றனர். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவித்து வைப்பார். அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்வார். அன்று இரவு, மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மா, "ஏல, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். "ஒரு ஆளுக்கு எண்ணூறு" என்றேன். ஒரு சைபரை விழுங்கிவிட்டேன். அந்தச் சைபர்தான் இக்கட்டுரைக்கு வித்து.

நாவும் விலையும்

முதலில் சுவையை எடுத்துக்கொள்வோம். விலை ஏற ஏறச் சுவையும் ஏறுகின்றதா?

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தையும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருபது பேருக்குத் திராட்சை மதுவைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒவ்வொன்றின் விலையையும் சொன்னார்கள். உண்மையில் ஒரே மதுவை ஒரு முறை பத்து டாலர் என்றும் மற்றொரு முறை தொண்ணூறு டாலர் என்றும் கூறிக் கொடுத்தார்கள். தொண்ணூறு டாலர் என்று கேட்டபோதே அது மிக இனிமையாக இருந்ததாக அவர்கள் கூறினர். பொய்யாகப் புகழ்ந்தார்களோ என்று ஐயுறவும் இடமில்லை. அவ்வேளையில் எடுத்த மூளைப் படங்களில், இன்பத்தை மதிப்பிடும் முன்மூளைப் பகுதி உண்மையிலேயே கூடுதலாகக் கிளர்ந்திருந்தது. ஆனால், சுவையை முதன்முதலில் ஏற்கும் பகுதிகளில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. நாவிற்குச் சுவை ஒன்றே; விலைச்சீட்டைச் சுவைத்தது மூளை.

அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, விலையை மறைத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மது சுவைக்கப்பட்ட சோதனைகளின் முடிவுகளை ஆராய்ந்தது. பயிற்சியில்லாத பொதுமக்கள் விலை உயர்ந்ததைக் கூடுதலாக விரும்பவில்லை; சற்றுக் குறைவாகவே விரும்பினர். பயிற்சி பெற்றவர்களிடம் அப்படி ஏற்படவில்லை. இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. விலையே ஒரு மசாலைப் பொருள் என்பது ஒன்று. நுண்ணிய வேறுபாடுகளை உணர நாவிற்கும் பயிற்சி வேண்டும் என்பது மற்றொன்று. கர்நாடக இசையை முதன்முறை கேட்பவனுக்கு எல்லா ராகமும் ஒன்றாகத் தோன்றுவது போலத்தான் இதுவும்.

தட்டுகள் ஏன் இவ்வளவு சிறியவை? இதற்கும் அறிவியல் காரணம் உண்டு. ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மேல் உள்ள விருப்பம் விரைவில் தணிகின்றது. புதிய சுவை வந்ததும் விருப்பம் மீண்டும் தலைதூக்குகின்றது. 1981ஆம் ஆண்டு பார்பரா ரோல்ஸ் முதலியோர் இதனைச் சோதனைகளால் நிறுவினர். மூன்று கவளத்திற்குப்பின் இன்பம் குறையுமானால், மூன்று கவளத்தோடு தட்டை எடுத்துவிடுவதே தந்திரம். ஒன்பது தட்டின் இரகசியம் இதுதான்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே, 1942ஆம் ஆண்டு ராம நாயக் என்பவர் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கை அறியாதவர் நம்முள் யார்? வீட்டை விட்டு வேலைக்கு வந்த தென்னாட்டு இளைஞர் பலருக்கு அது அந்நாளில் இரண்டாவது அடுக்களை. அங்கே வாழை இலையின் முன் அமர்ந்து பாருங்கள். கூட்டிலிருந்து ஊறுகாய்க்கும், ரசத்திலிருந்து அப்பளத்திற்கும் கை தானாகவே தாவும். உயர்தர உணவகம் காலத்தால் வரிசைப்படுத்துவதை, இலை இடத்தால் வரிசைப்படுத்திவிடுகின்றது. அங்கே சமையற்கலைஞர் நமக்காக அடுத்த கவளத்தைத் தேர்கின்றார். இங்கே நாமே தேர்கின்றோம். சில நூறு ரூபாயில் அதே உடலியல் விதி வேலை செய்கின்றது!

நுரையின் கணக்கு

'ஆயினும் அந்த ரச நுரையை நம் வீட்டில் செய்ய முடியுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அறிவியலைச் சமையலறைக்குள் கொண்டுசென்றவர்களுள் ஒருவர் ஆக்ஸ்போர்டின் இயற்பியலறிஞர் நிக்கலஸ் குர்ட்டி. 1969ஆம் ஆண்டு இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதுபற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு புகழ்பெற்றது. பின்னர் 1988ஆம் ஆண்டு, பிரெஞ்சு வேதியியலார் ஹெர்வே திஸ்ஸுடன் சேர்ந்து இத்துறைக்கு ஒரு பெயரும் சூட்டினார். நாம் அதை மூலக்கூற்றுச் சமையலியல் எனலாம். தட்டில் வரும் நுரை இத்துறையோடு நெருங்கிய உறவுடையது. ரசத்தை வடிகட்டி, சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தினைச் சிறிதளவு கலந்து, கைக்கருவியால் அடித்தால் நுரை எழும். லெசித்தின் மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை வெறுக்கும். ஆகவே அது காற்றுக்குமிழியைச் சுற்றி நின்று, குமிழி உடையாமல் சிறிது நேரம் காக்கும். செய்வதற்குச் சில நிமிடங்கள் போதும், அழிவதற்கும் அப்படியே.

இப்போது இட்டிலியைப் பாருங்கள். அதுவும் நுரைதான்! உளுந்தையும் அரிசியையும் ஊற வைத்து அரைத்த மாவில், லியூக்கோனோஸ்டாக் முதலான நுண்ணுயிர்கள் இரவு முழுதும் பெருகுகின்றன. அவை சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் அமிலத்தையும் வெளியிடுகின்றன. உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பான மாவுப்பசையும் அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. காலையில் ஆவி பட்டதும் அந்நுரை அப்படியே கெட்டிப்பட்டு நிலைத்துவிடுகின்றது. நுண்ணுயிர், புரதம், வெப்பம் என்னும் மூன்றும் உரிய வேளையில் கூடினாலன்றி இட்டிலி பூவாகாது, கல்லாகும். மும்பையின் மழைக்காலத்தில் ஒரு நேரம், மார்கழிக் குளிரில் ஒரு நேரம் என்று புளிக்கும் காலத்தை மாற்றி மாற்றிக் கணிக்கிறாரே என் அம்மா, அவருக்கு வெப்பமானி கிடையாது. பாத்திரத்தின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதே அவருடைய கருவி.

ஆக, அறிவியல் நுட்பத்திற்குத்தான் விலை என்றால் இட்டிலியே விலை உயர்ந்த பண்டமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லையே! ஏன்?

நத்தை கற்பித்த பாடம்

விடை தேடிக் கடல் கடந்து செல்வோம். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 2021ஆம் ஆண்டு 'செம்ம' என்னும் உணவகம் திறக்கப்பட்டது. அதன் சமையற்கலைஞர் விஜய்குமார் திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தைச் சேர்ந்தவர். 2022ஆம் ஆண்டு அவ்வுணவகத்திற்கு மிஷெலின் விண்மீன் கிடைத்தது. 2025 ஜூனில் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை அவரை நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞர் என்று பாராட்டிப் பரிசளித்தது. அவருடைய உணவகத்தில் புகழ்பெற்ற பண்டம் எது தெரியுமா? நத்தைப் பிரட்டல்!

வயற்காட்டில் மழைக்குப்பின் பொறுக்கிய நத்தையை, இறைச்சி வாங்க வழியில்லாதவர் உணவு என்று நம் ஊர்களில் பலர் ஏளனமாகப் பேசியதுண்டு. பிரான்சிலோ நத்தை விருந்தினர் உணவு. நத்தை மாறவில்லை, மிளகும் மாறவில்லை. சமைக்கும் இடமும், உண்பவரின் மதிப்பும், அடுப்பருகே நிற்பவரின் தன்னம்பிக்கையும் மாறின. தன் ஊர் உணவைத் தாழ்வாக எண்ணாமல் அதனை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்ததே விஜய்குமாரின் துணிவு. நாம் நமது உணவிற்கு எவ்வளவு மதிப்பு வைக்கின்றோமோ அதுவே அதன் விலையின் தொடக்கம். இட்டிலி மலிவாக இருப்பதற்கு, அது மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் நம்புவதும் ஒரு காரணம். நானும் அப்படித்தான் நம்பி வந்தேன்.

கைகளின் கூலி

மதிப்பு மட்டும் போதாது, செலவும் உண்டு. உணவுத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி, தட்டின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மளிகைக்கும் காய்க்கும் மீனுக்கும் செல்லும். மற்றொரு பெரும்பங்கு சம்பளம். மீதியில் வாடகை, மின்சாரம், வரி, ஆதாயம். மும்பையின் நிலவிலையை நாம் அறிவோம். மகாலட்சுமியில் பழைய லட்சுமி உல்லன் மில் வளாகத்தில் 2016ஆம் ஆண்டு திறந்த 'மாஸ்க்' என்னும் உணவகம், ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆலைகள் இருந்த பகுதி உணவக வீதியாவதை இந்நகரம் பல இடங்களில் கண்டுவிட்டது. 1982ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்திற்குப்பின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மண்ணின் விலை ஏறியது. தட்டின் விலையில் ஒரு பகுதி அந்த மண்ணின் விலை.

ஆனால் அதே ஆலைப்பகுதியில் வேறோர் உணவு வரலாறும் உண்டு. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆலைத் தொழிலாளர்களுக்குத் தங்கள் சிற்றறைகளிலேயே சமைத்துப்போட்ட பெண்கள் ஏராளம். 'கானாவள்' என்று மராத்தியில் வழங்கும் சாப்பாட்டு ஏற்பாடு அது. மளிகை வாங்க அவர்கள் வட்டிக்கடைக்காரரிடம் கடன்பட்டுத் தவித்தனர். 1975ஆம் ஆண்டு பிரேமா புராவ் அவர்களை ஒன்றுதிரட்டி 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்னும் அமைப்பைத் தொடங்கி, வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்தார். நகரத்தின் ஆலைகளை ஓட்டியவர்களின் வயிற்றை நிரப்பிய கைகள், அதுவரை தொழிலாளரின் கைகள் என்றே எண்ணப்படவில்லை!

மலிவான உணவில்தான் இப்படி என்று நினைக்க வேண்டா. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 'நோமா' என்றோர் உணவகம். உலகின் முதல் உணவகம் என்று ஐந்து முறை போற்றப்பட்டது. அங்கே பயிற்சி என்ற பெயரில் வந்த இளைஞர் பலர் நீண்ட காலம் ஊதியமின்றியே உழைத்தனர். 2022 அக்டோபரில்தான் அவர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் அதன் தலைவர் ரெனே ரெட்செப்பி, இத்தகைய உணவகத்தைப் பணக்கணக்கிலும் மனிதக்கணக்கிலும் தொடர்ந்து நடத்த இயலாது என்று அறிவித்தார். உலகிலேயே விலை உயர்ந்த தட்டுகளுள் ஒன்று, கூலியில்லாக் கைகளால் ஆனது. விலை உயர்ந்திருப்பதனால் கூலி உயர்ந்திருக்கும் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டுக் கணக்கு

இவற்றையெல்லாம் படித்தபின், எங்கள் வீட்டு இட்டிலிக்கும் ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன். நாளொன்றுக்கு முந்நூறு இட்டிலி. ஒன்று எட்டு ரூபாய். வரவு 2,400. அரிசி, உளுந்து, தேங்காய், பருப்பு, எரிவாயு, காகிதத் தட்டு எல்லாம் 1,500. அறை வாடகையின் பங்கு, கிரைண்டர் மின்சாரம், சைக்கிள் செலவு 120. மிச்சம் 780. இதுவரை அப்பா எழுதி வந்த கணக்கும் இங்கேயே நிற்கும். 'இலாபம்' என்று கோடிழுத்துவிடுவார்.

நான் கோட்டிற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: அம்மாவின் வேலை ஏழு மணி நேரம், அப்பாவின் வேலை ஆறு மணி நேரம். 780ஐ 13ஆல் வகுத்தால் மணிக்கு அறுபது ரூபாய். அந்த இலாபம் இலாபமே அன்று, இருவரின் கூலி. இட்டிலிக்கு ஒரு ரூபாய் ஏற்றினால் அதே கூலி மணிக்கு எண்பத்து மூன்று ரூபாய் ஆகும். அந்த ஒரு ரூபாயை ஏற்றலாமா என்று அம்மா ஓராண்டாகத் தயங்கிக்கொண்டிருந்தார்!

தகுமா?

இனி முதற்கேள்விக்கு வருவோம். விலை உயர்ந்த விருந்து கொடுக்கும் பணத்திற்குத் தகுமா?

பசிக்காகச் சென்றால் தகாது. மாட்டுங்காவின் இலை போதும். சுவைக்காக மட்டும் சென்றால், பாதி இன்பம் விலைச்சீட்டிலிருந்து வருவதாக இருக்கலாம். ஒரு கலையைக் கற்கும் கண்ணோடு, பயின்ற நாவோடு, வாழ்வில் ஒருமுறையோ இருமுறையோ சென்றால் தகும். நல்ல கச்சேரிக்குச் சீட்டு வாங்குவது போல. பிறர் பார்க்க வேண்டும் என்று கடன்பட்டுச் சென்றால் எந்த விலையும் தகாது. செல்பவர் ஒன்றை நினைவிற் கொள்க: பில்லில் சேர்க்கப்படும் சேவைக்கட்டணம் விரும்பினால் கொடுப்பது, கட்டாயமன்று. 2022ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கூறியதை 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றமும் உறுதிசெய்தது. அக்கட்டணத்தை மறுத்துப் பரிமாறியவர் கையில் நேரே கொடுப்பதும் உங்கள் உரிமையே.

ஆனால் இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. எட்டாயிரம் ரூபாய் அதிகமா என்று நாம் மணிக்கணக்கில் வாதிடுகிறோம். எட்டு ரூபாய் குறைவா என்று ஒருநாளேனும் வாதிட்டதுண்டா? விலை உயர்ந்த தட்டின் முன் நாம் எழுப்பும் ஐயத்தில் ஒரு பங்கையாவது மலிவான தட்டின் முன்னும் எழுப்ப வேண்டும். நாம் மலிவாக உண்ணும்போது மீதி விலையை யாரோ ஒருவர் தூக்கத்தால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கணக்கை அம்மாவிடம் காட்டிய அன்று, விழுங்கிய சைபரையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "எண்ணூறு இல்லம்மா, எட்டாயிரம்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "ஆயிரம் இட்டிலி. மூணு நாளைக்கு மேல அவிக்கணும்" என்று தமக்குள் கணக்கிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏல, அங்க பாத்திரம் கழுவுதவனுக்கு என்ன குடுக்கான்?" என்று கேட்டார்.

ஒன்பது தட்டுகளையும் உண்டேன். நுரையின் வேதியியலை ஆராய்ந்தேன். அந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த மாதம் எங்கள் இட்டிலி ஒன்பது ரூபாய் ஆயிற்று. நண்பர்களே, உங்களுள் யாரேனும் அத்தகைய விருந்துக்குச் செல்வீர்களானால், என் அம்மாவின் கேள்வியை அங்கே கேட்டு வந்து சொல்லுங்கள். விடையைக் கேட்டபின், அந்த விலை தகுமா தகாதா என்று நாம் முடிவு செய்யலாம்.